"நல்ல பார்ட்டி சார்": ஏஜென்ட் மூலமாகக் குடித்தனக்காரர் தேடுகிறவர்களுக்கு

வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் நாலு பேர் சேர்ந்து ஏஜென்ட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் உடனே இரண்டு கட்சி உருவாகிவிடும். ஒரு கட்சி, "எல்லாத்தையும் அவரே பார்த்துக்கிறார், நான் அந்தப் பக்கமே போறதில்லை" என்று நிம்மதியாகச் சொல்லும். இன்னொரு கட்சி, "கமிஷனை வாங்கிட்டு யாரையோ நம்ம தலையில கட்டிட்டுப் போயிடுறாங்க" என்று பொருமும். முதல் கட்சிக்காரர்கள் பலர் சில வருஷம் கழித்து இரண்டாவது கட்சியில் சேர்ந்துவிடுவதையும் பார்க்கலாம். நான் இரண்டிலும் இல்லை. ஏஜென்ட் வேண்டும் என்பதுதான் என் எண்ணம், ஆனால் அவருக்கு எந்த நாளில், எதற்காகப் பணம் கிடைக்கிறது என்று கொஞ்சம் யோசித்துவிட்டு அப்புறம் சாவியைக் கொடுக்க வேண்டும்.

அவருக்குப் பணம் கிடைப்பது அக்ரிமென்ட்டில் கையெழுத்தாகும் அன்றைக்கு. மறுநாளிலிருந்து அந்த வீட்டில் என்ன நடந்தாலும் அவர் வருமானத்தில் ஒரு காசு கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. நமக்கோ அன்றைக்குத்தான் ஆரம்பம். வாடகை தேதிக்கு வருமா, பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்து சண்டை போடுவாரா, காலி செய்யும்போது சுவர் எந்த நிலையில் இருக்கும் என்பதெல்லாம் கையெழுத்துக்கு அப்புறம் வருகிற கதை. ஏஜென்ட்டோடு வருகிற பிரச்சினைகளில் பெரும்பாலானவற்றைக் கிளறிப் பார்த்தால் அடியில் இந்த ஒரு விஷயம்தான் கிடக்கிறது.

இதற்கு அவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. கூலி எங்கே இருக்கிறதோ அங்கேதான் யாருடைய உழைப்பும் போய் நிற்கும். வீட்டு விற்பனையில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள், சிகாகோ பகுதியில் நடந்த கிட்டத்தட்ட ஒரு லட்சம் விற்பனைகளை எடுத்துக்கொண்டு, ஏஜென்ட்டுகள் தங்கள் சொந்த வீட்டை விற்றபோது என்ன ஆனது, மற்றவர்கள் வீட்டை விற்றுக்கொடுத்தபோது என்ன ஆனது என்று ஒப்பிட்டார்கள். 2008-ல் அச்சில் வந்த அந்த ஆய்வின்படி, ஏஜென்ட்டின் சொந்த வீடு சராசரியாக ஒன்பதரை நாள் கூடுதலாகச் சந்தையில் இருந்தது, விலையும் 3.7 சதவீதம் கூடுதலாகக் கிடைத்தது. தன் பணம் என்றால் பொறுமையாக இருக்கிறார்கள், அடுத்தவர் பணம் என்றால் "இதைவிட நல்ல ஆஃபர் வராது சார், முடிச்சிடலாம்" என்கிறார்கள். வாடகை விஷயத்தில் இந்த அவசரம் விலையில் அவ்வளவாகத் தெரியாது, வந்து சேரும் ஆளில் தெரியும்.

ஆனால் அவசரமே கூடாது என்றும் சொல்ல முடியாது. காலி வீடும் பணத்தைத் தின்கிறது. ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் அந்த வருஷத்து வாடகையில் எட்டு சதவீதத்துக்கு மேல் போய்விட்டது என்று அர்த்தம். மாத வாடகையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 கொடுக்கத் தயாராக இருந்த ஒருவரை விட்டுவிட்டு, 105 வேண்டும் என்று பிடிவாதமாக இருந்ததில் ஒரு மாதம் வீணானால், அந்த 100-ஐ மாதம் 5 வீதம் திரும்ப எடுக்க 20 மாதம் ஆகும். அதுவும் 105 கொடுக்க வந்தவர் 20 மாதம் தங்கினால்தான். வாடகையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துவிட்டு ஆள் விஷயத்தில் கறாராக இருப்பதுதான் என் வழக்கம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தொகையில் நூலிழை கூட இறங்க மாட்டார்கள், ஆனால் அந்தத் தொகைக்குச் சரி என்று முதலில் தலையாட்டுகிறவர் யாராக இருந்தாலும் சாவியைக் கொடுத்துவிடுவார்கள்.

எவ்வளவு கேட்பது என்று முடிவு செய்யும்போதே ஏஜென்ட்டை எடைபோட ஒரு வாய்ப்பு கிடைக்கும். இரண்டு மூன்று பேரைக் கேட்டால், ஒருவர் மட்டும் மற்றவர்களைவிட நன்றாக உயர்த்தி ஒரு தொகை சொல்லுவார். நமக்கு மனசு அந்தப் பக்கம்தான் சாயும், அவர் சொன்னதும் அதற்காகத்தான். வீடு அவர் கைக்கு வந்து கொஞ்ச நாள் ஆனதும், "மார்க்கெட் டல்லா இருக்கு, கொஞ்சம் குறைச்சுக்கலாமா?" என்று ஆரம்பிப்பார். அதனால் எவ்வளவு வாடகை வரும் என்று நான் கேட்பதே இல்லை. "இதே அளவு வீடு, இதே பகுதியில், நீங்கள் கடைசியாக எவ்வளவுக்கு முடித்தீர்கள், எத்தனை நாளில் முடித்தீர்கள்?" என்று கேட்பேன். விளம்பரங்களைப் பார்த்து நாமே தொகை போடுவதிலும் ஒரு கோளாறு உண்டு. சரியான வாடகைக்கு வந்த வீடுகள் சீக்கிரம் போய்விடும், விளம்பரத்தில் வாரக்கணக்காகத் தொங்கிக்கொண்டிருப்பவை அதிகமாகக் கேட்டவை. இன்றைக்கு உட்கார்ந்து பார்க்கிறவர் கண்ணில் படுவது பெரும்பாலும் இந்தப் போகாத வீடுகளின் கணக்குதான்.

சரி, ஏஜென்ட்டைப் பிடித்தாயிற்று. அடுத்து அவரிடம் என்ன சொல்லப்போகிறோம்?

"நல்ல ஆளா பார்த்துக் கூட்டிட்டு வாங்க" என்று சொன்னால், சொல்லாமலே இருந்திருக்கலாம். எந்த ஏஜென்ட்டைக் கேட்டாலும் அவர் கூட்டி வருகிற எல்லாருமே நல்ல பார்ட்டிதான். நமக்கு என்ன வேண்டும் என்பதை அளக்கக்கூடிய மாதிரி, எழுத்தில், ஒரு மெசேஜாகவாவது கொடுத்துவிட வேண்டும். எத்தனை பேர் வரை தங்கலாம், குறைந்தது எவ்வளவு காலம், வளர்ப்புப் பிராணி சரியா, வீட்டில் தொழில் நடத்தலாமா, என்னென்ன ஆவணம் வேண்டும், வருமானம் வாடகையைப் போல் எத்தனை மடங்கு இருக்க வேண்டும். கடைசியில் சொன்னதற்கு ஊருக்கு ஊர் ஒரு கணக்கு இருக்கிறது. நியூயார்க்கில் மாத வாடகையைப் போல் 40 மடங்கு ஆண்டு வருமானம் கேட்பது வழக்கம், அதாவது மாதச் சம்பளம் வாடகையைப் போல் மூன்றே கால் மடங்குக்கும் சற்று மேல். இங்கிலாந்தில் பொதுவாக 30 மடங்கு கேட்கிறார்கள், அதாவது இரண்டரை மடங்கு. எனக்கு இந்தப் பெருக்கல் கணக்கில் முழு நம்பிக்கை கிடையாது. சம்பளம் நான்கு மடங்கு இருந்து, அதில் பாதிக்கு மேல் கடன் தவணைக்கே போகிறவரைவிட, இரண்டரை மடங்கு மட்டும் வாங்கிக் கடனே இல்லாதவர் தேதி தவறாமல் கட்டுவார். ஏஜென்ட்டுக்கு ஒரு எண் கொடுத்துவிட்டு, எண்ணுக்குக் கொஞ்சம் கீழே இருப்பவர்களை அவரே கழித்துவிட வேண்டாம், என்னிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது.

அதே மெசேஜில் என் பக்கத்திலிருந்தும் ஒரு வாக்கு கொடுப்பேன்: ஆவணங்கள் முழுசாக என் கைக்கு வந்தால் ஒரே நாளில் ஆமாம் அல்லது இல்லை என்று சொல்லிவிடுகிறேன். இதற்கு ஏஜென்ட்டிடம் கிடைக்கிற மதிப்பே தனி. அவரை அதிகம் எரிச்சலாக்குவது மறுப்பு அல்ல, "பார்க்கலாம், இன்னும் ரெண்டு பேரைப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று இழுத்தடிக்கிற ஓனர்தான். இழுத்தடித்தால் நல்ல குடித்தனக்காரர் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விடுவார். வேறு எங்கேயும் கிடைக்காதவர்தான் காத்திருப்பார். பொறுமையாகத் தேர்ந்தெடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு நாமே நல்லவர்களைக் கழித்துக்கொண்டிருப்போம்.

விளம்பரத்துக்கு வருவோம். இதில்தான் பெரும்பாலான ஓனர்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு. குறைகளை விளம்பரத்திலேயே போடச் சொல்லுவேன். லிஃப்ட் இல்லை, படுக்கையறை சாலையைப் பார்த்து இருக்கிறது, மேல் வீட்டில் சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள், வண்டி ஒன்றுதான் நிறுத்தலாம் என்பதையெல்லாம் அப்படியே. ஏஜென்ட்டுக்கு இது பிடிக்காது, போன் குறைவாக வரும் என்பார். உண்மைதான், குறையும். ஆனால் எந்தப் போன்கள் குறைகின்றன என்று பாருங்கள். சாலைச் சத்தம் தாங்காதவர் வரவில்லை, அவ்வளவுதான். அவர் வீடு பார்க்கிற பகல் நேரத்தில் சத்தம் தெரியாமல் குடிவந்துவிட்டால், முதல் வாரத்திலேயே தூக்கம் கெட்டு, ஏமாற்றிவிட்டார்கள் என்ற கோபம் வந்து, அந்தக் கோபம் ஒழுகுகிற குழாயிலும் உரிகிற பெயின்டிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். சில மாதத்தில் காலி செய்வார், திரும்பவும் ஒரு மாதம் காலி, திரும்பவும் கமிஷன். சீக்கிரம் காலி செய்கிறவர்களில் ஒரு பகுதியினர் மோசமான ஆட்களே இல்லை, தப்பான வீட்டுக்கு வந்த சரியான ஆட்கள்.

இதற்கு இன்னொரு லாபமும் உண்டு. குறையைப் படித்துவிட்டு வருகிறவர் அந்தக் குறைக்காக வாடகையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவது அபூர்வம். மறைத்து வைத்து அவரே கண்டுபிடித்தால்தான் அது பேரத்துக்கு ஆயுதம் ஆகும். புகைப்படத்துக்கும் இதே கதைதான். அகலமான லென்ஸில் எடுத்து அறையை மைதானமாகக் காட்டினால், நேரில் வருகிறவர் வாசலில் நின்றதும் முகம் விழும், அதற்கப்புறம் அவர் எதைப் பார்த்தாலும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

எத்தனை ஏஜென்ட்டிடம் கொடுப்பது என்பதில் என் பதில் ஒருவர். ஐந்து பேரிடம் கொடுத்தால் ஐந்து மடங்கு வேகம் என்று தோன்றும். நடப்பது வேறு. ஒரே வீடு ஐந்து விளம்பரத்தில், ஐந்து விதமான வாடகையோடு, ஐந்து விதமான படத்தோடு வரும். பார்க்கிறவருக்கு வீட்டின் மேலேயே சந்தேகம் வரும். ஏஜென்ட்டுகளுக்கோ, முதலில் ஆளைக் கொண்டுவந்து நிறுத்துகிறவருக்குத்தான் கமிஷன் என்பதால், விசாரிக்க ஒரு நாள் எடுத்துக்கொள்கிற ஏஜென்ட் தோற்றுப்போவார். கவனமாக வேலை செய்கிறவரைத் தண்டிக்கிற ஏற்பாட்டை நாமே செய்துவிட்டு, யாரும் கவனமாக வேலை செய்வதில்லை என்று புலம்புவதில் அர்த்தமில்லை. ஒருவரிடம், மூன்று அல்லது நான்கு வாரம் என்று கெடு வைத்து, அதுவரை வேறு யாரிடமும் பேச மாட்டேன் என்று சொல்லிக் கொடுப்பேன். கெடுவைப் பேச்சோடு விடாமல் எழுத்தில் வைப்பது முக்கியம். சிலர் நீட்டும் ஒப்பந்தத்தில் அது தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் என்று எங்கோ ஒரு மூலையில் போட்டிருப்பார்கள். குடித்தனக்காரர் அக்ரிமென்ட்டைப் புதுப்பிக்கும்போதெல்லாம் தனியாகக் கட்டணம் என்ற வரியும் இருக்கும். அந்த இரண்டையும் தேடிப் படியுங்கள்.

கமிஷன் பேசும்போது தொகையைக் குறைக்க நான் முயற்சி செய்வதில்லை. அதற்குப் பதிலாக ஒரு நிபந்தனை கேட்பேன்: வந்தவர் ஆறு மாதத்துக்குள் வாடகை கட்டாமலோ, தானாகக் காலி செய்துகொண்டோ போனால், அடுத்த ஆளைக் கமிஷன் இல்லாமல் பிடித்துத் தர வேண்டும். கமிஷனில் பாதியைக் கையெழுத்தன்றும் மீதியைச் சில மாதம் கழித்தும் தருகிறேன் என்று கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஓனர் ஏமாற்றிவிடுவார் என்ற பயம் அவர்களுக்கும் நியாயமாகவே இருக்கிறது. இலவசமாக இன்னொரு தடவை பிடித்துத் தருவதற்கு ஒப்புக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒப்புக்கொண்ட உடனே அவருக்கும் அந்த ஆறு மாதத்தில் ஒரு பங்கு வந்துவிடுகிறது. ஒப்புக்கொள்ளாதவரிடம் ஏன் என்று கேட்டுப் பாருங்கள், அந்தப் பதிலிலேயே நிறையத் தெரிந்துவிடும்.

யார் கமிஷன் கொடுக்கிறார்கள் என்பதும் சாதாரண விஷயம் இல்லை. ஜெர்மனியில் 2015-லிருந்து, ஏஜென்ட்டை யார் அமர்த்தினாரோ அவரே பணம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். இங்கிலாந்தில் 2019 ஜூன் முதல் ஏஜென்ட்டுகள் குடித்தனக்காரரிடம் பெரும்பாலான கட்டணங்களை வாங்கக்கூடாது. நியூயார்க்கும் 2025 ஜூனில் இந்த வழிக்கு வந்துவிட்டது. இதெல்லாம் குடித்தனக்காரரைக் காப்பாற்றத்தான் கொண்டுவந்தார்கள், ஆனால் ஓனருக்கும் இது நல்லது என்று நான் நினைக்கிறேன். இரண்டு பக்கமும் வாங்குகிற ஏஜென்ட் இரண்டு பக்கத்து ஆளும் இல்லை, கையெழுத்தின் ஆள். நான் மட்டும் கொடுத்தால் "எனக்காக விசாரித்துக் கொடுங்கள்" என்று கேட்கும் உரிமையாவது எனக்கு இருக்கும்.

விசாரிப்பதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. ஏஜென்ட் வேலையில் நான் முழுசாக விட்டுவிடுவது: விளம்பரம், போன் எடுப்பது, வீட்டைக் காட்டுவது, ஆவணங்களை வாங்கிச் சேர்ப்பது. விடாமல் வைத்துக்கொள்வது: ஆவணத்தைச் சரிபார்ப்பது, பழைய ஓனரிடம் பேசுவது, யாருக்குக் கொடுப்பது என்ற முடிவு. "நாங்களே வெரிஃபை பண்ணிட்டோம்" என்றால் என்ன செய்தீர்கள், யாரிடம் பேசினீர்கள், எந்த எண்ணுக்குப் போன் செய்தீர்கள் என்று கேளுங்கள். அடையாள அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்ததையே வெரிஃபிகேஷன் என்று சொல்கிறவர்கள் உண்டு.

சம்பளச் சீட்டைக் கம்ப்யூட்டரில் திருத்துவது இன்றைக்கு மிகச் சுலபம். அதை மட்டும் பார்க்காமல், வங்கிக் கணக்கில் அதே தொகை, அதே தேதிவாக்கில், அதே நிறுவனத்தின் பெயரில் சில மாதங்களாக வந்திருக்கிறதா என்று ஒத்துப் பார்க்க வேண்டும். வேலை செய்கிற இடத்துக்குப் போன் செய்வதென்றால் விண்ணப்பத்தில் எழுதியிருக்கிற எண்ணுக்குச் செய்யாதீர்கள், நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கிற எண்ணை எடுத்து அதற்குச் செய்யுங்கள். விண்ணப்பத்தில் இருப்பது நண்பர் எண்ணாக இருக்கலாம். சொந்தத் தொழில் செய்கிறவர்களைச் சம்பளச் சீட்டு இல்லை என்பதற்காக ஏஜென்ட்டுகள் சட்டென்று ஒதுக்குவார்கள், அது தப்பு. வரி தாக்கல் செய்த விவரமும் ஒரு வருஷத்து வங்கிக் கணக்கும் பார்த்தால் போதும்.

இப்போது குடியிருக்கிற வீட்டு ஓனரிடம் விசாரிப்பதைப் பெரிதாக நம்பாதீர்கள். தொல்லை கொடுக்கிறவரைக் கிளப்பி அனுப்ப அவருக்கே ஆசை இருந்தால், "தங்கமான மனுஷர்" என்றுதான் சொல்லுவார். நல்ல குடித்தனக்காரரை இழக்க மனசில்லாதவர் மழுப்பலாகப் பேசுவார். அதற்கு முந்தின வீட்டு ஓனருக்கு இதில் எந்த லாபமும் நஷ்டமும் இல்லை, அவர் பேச்சுதான் பேச்சு. அவரிடமும் "எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது. வாடகை எந்தத் தேதியில் வந்தது, ஏதாவது மாதம் தாமதமானபோது அவராகவே முன்கூட்டிச் சொன்னாரா, அட்வான்ஸை முழுசாகத் திருப்பிக் கொடுத்தீர்களா, பிடித்தீர்கள் என்றால் எதற்கு, இன்னொரு வீடு இருந்தால் அவருக்கே கொடுப்பீர்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு முன்னால் வருகிற மௌனத்தையும் கவனியுங்கள். பேசுகிறவர் உண்மையிலேயே ஓனர்தானா என்று சந்தேகம் வந்தால், வேண்டுமென்றே ஒரு விவரத்தைத் தப்பாகச் சொல்லிப் பார்க்கலாம். விண்ணப்பத்தில் இரண்டாவது மாடி என்று இருந்தால், "அந்த நாலாவது மாடி வீடுதானே?" என்று கேட்டால் போதும், வீட்டுக்காரர் உடனே திருத்துவார், நண்பர் ஆமாம் என்பார்.

நேரில் பார்த்தாலே ஆளைக் கணித்துவிடலாம் என்று நினைப்பதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். ஏமாற்ற வருகிறவர் அன்றைக்கு நம் எல்லாரையும்விட அழகாகப் பேசுவார், அதுதானே அவர் தொழில். பல மாத வாடகையை மொத்தமாக, ரொக்கமாக, நாளைக்கே தருகிறேன் என்று வந்தால் ஏஜென்ட்டுக்கு முகம் மலரும், நாம் அங்கேதான் நிதானமாக வேண்டும். வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்து, காட்டுவதற்கு எந்தப் பழைய பதிவும் இல்லாத நேர்மையான ஆள் அப்படிக் கேட்கலாம். வீட்டை எடுத்து ஆளாளுக்குப் பிரித்து உள்வாடகைக்கு விடப்போகிறவரும் அப்படித்தான் கேட்பார். "யார் யார் தங்கப்போகிறார்கள்?" என்று ஒவ்வொருவர் பெயரையும் கேட்டு அக்ரிமென்ட்டில் எழுதிவிட்டால் இரண்டு பேரும் பிரிந்து தெரிவார்கள்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாமலே நடக்கிறது. ஏஜென்ட் நமக்குப் பிடிக்கும் என்று தானாகவே நினைத்துக்கொண்டு, சாதி, மதம், நிறம், தனியாக இருக்கிற பெண், குழந்தை இருக்கிற குடும்பம் என்று வாசலிலேயே ஆட்களைத் திருப்பி அனுப்புவார். நம்மிடம் வந்து சேர்கிற மூன்று பேரைத்தான் நமக்குத் தெரியும், திருப்பி அனுப்பப்பட்ட முப்பது பேரைத் தெரியாது. மனுஷனுக்கு மனுஷன் செய்கிற அநியாயம் என்பது ஒரு பக்கம். பல நாடுகளில் இது சட்ட விரோதமும் கூட. அமெரிக்காவில் 1968-ல் வந்த வீட்டு வசதிச் சட்டம் இனம், நிறம், மதம், பூர்வீக நாடு பார்த்து வீடு மறுப்பதைத் தடை செய்தது, 1974-ல் பாலினமும் 1988-ல் உடல் ஊனமும் குழந்தைகள் இருக்கும் குடும்பமும் சேர்க்கப்பட்டன. நம் சார்பில் ஏஜென்ட் செய்தாலும் பதில் சொல்லவேண்டிய இடத்தில் நாமும் நிற்க நேரிடலாம். "ஆவணம் சரியாக இருக்கிற யாரையும் நீங்களாகக் கழிக்காதீர்கள்" என்று முதல் மெசேஜிலேயே ஒரு வரி போட்டுவிடுங்கள். ஏஜென்ட் கழித்த அந்த முப்பது பேரில் தேதி தவறாமல் வாடகை கட்டுகிறவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று எனக்கு எப்போதுமே ஒரு உறுத்தல்.

பணம் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். அட்வான்ஸும் வாடகையும் ஏஜென்ட்டின் சொந்தக் கணக்குக்குப் போகக்கூடாது. சட்டப்படி பாதுகாக்கப்பட்ட கணக்கு வைத்திருக்கிற நிறுவனம் என்றால் அது வேறு. இங்கிலாந்தில் அட்வான்ஸை அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் 30 நாளுக்குள் செலுத்த வேண்டும் என்று விதியே இருக்கிறது. அப்படி ஏதும் இல்லாத இடத்தில், "என் கணக்குக்கு வரட்டும், நான் மாத்திவிடுறேன்" என்பதற்கு ஒரே பதில்தான்: வேண்டாம். அதேபோல, விண்ணப்பித்தவர்களின் அடையாள அட்டை நகல்களை ஏஜென்ட் ஏதோ ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டுச் சுற்றவிடாமல் பார்த்துக்கொள்வதும் நம் பொறுப்பு.

சாவி கைமாறும் அன்று வீட்டைப் படமும் வீடியோவும் எடுத்து, மீட்டர் எண்களை எழுதி, எத்தனை சாவி என்று எண்ணி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட்டைச் செய்யச் சொன்னால் இரண்டு படம் எடுத்துவிட்டுப் போய்விடுவார்.

இவ்வளவு கறாராக இருந்தால் ஏஜென்ட் நம்மிடம் வருவாரா என்று ஒரு சந்தேகம் வரும். வருவார், வேறு சில காரியங்களில் நாம் ஒழுங்காக இருந்தால். ஒவ்வொரு ஏஜென்ட்டின் மனசிலும் ஓனர்களின் பட்டியல் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். இவர் குழாய் ஒழுகினால் ஆள் அனுப்புவார், இவர் அட்வான்ஸைத் திருப்பித் தர மூக்கால் அழுவார், இவர் கமிஷனைக் கையெழுத்துக்கு அப்புறம் பேரம் பேசுவார் என்று. நல்ல குடித்தனக்காரர் ஒருவர் அவரிடம் வந்தால், கையில் இருக்கிற நாலு வீட்டில் எதை முதலில் காட்டுவார்? அந்தக் குடித்தனக்காரர் நாளைக்குத் தன் நண்பர்களையும் அனுப்ப வேண்டும் என்று அவருக்கு ஆசை இருக்கும், அதனால் பிரச்சினை செய்யாத ஓனரிடம்தான் கூட்டிப்போவார். கமிஷனைக் கையெழுத்தான அன்றே, பேசிய தொகையைக் குறைக்காமல் கொடுத்துவிடுவது நான் செய்கிற மிக லாபகரமான செலவு என்று சொல்லுவேன். குறை சொல்லவேண்டிய இடத்தில் சொல்லுவதும், அவர் கூட்டி வந்தவர் நன்றாக இருந்தால் சில மாதம் கழித்து ஒரு போன் செய்து அதைச் சொல்லுவதும் இதோடு சேர்த்தி.

வீட்டுப் பராமரிப்பையும் மாதாமாதம் அவரே பார்த்துக்கொள்கிற ஏற்பாடு பலருக்கு வசதிதான், வெளியூரில் இருப்பவர்களுக்கு வேறு வழியும் இல்லை. வாடகையில் ஒரு சதவீதம் எடுத்துக்கொள்வார்கள். அதில் நான் பார்ப்பது ஒன்றுதான், ரிப்பேர் பில்லில் அவர் தன் பங்கைச் சேர்க்கிறாரா என்று. எவ்வளவு தொகைக்கு மேல் போனால் என்னைக் கேட்காமல் செய்யக்கூடாது என்பதை முதலிலேயே எழுதிவிட்டால் பாதித் தகராறு வராது.

கடைசியாக, ஒரு வருஷம் முடிகிற நேரத்தில் வருகிற போன். "சார், மார்க்கெட் ஏறிடுச்சு, இப்ப இருக்கிறவரைவிட பத்து சதவீதம் கூட கொடுக்க ஆள் இருக்கு." அவர் பொய் சொல்லவில்லை, ஆள் இருக்கலாம். நான் கணக்குப் போட்டுப் பார்ப்பேன். இருக்கிறவரிடம் நாலு சதவீதம் ஏற்றிக் கேட்டால் அவர் தங்கிவிடுவார், ஆக நிஜமான வித்தியாசம் ஆறு சதவீதம். 100 வாடகையில் வருஷத்துக்கு 72. புதியவர் வந்தால் பெயின்ட் அடிக்க, சுத்தம் செய்ய, ஆள் பார்க்க என்று வீடு மூன்று வாரமாவது காலியாகக் கிடக்கும், அதிலேயே அந்த 72 போய்விடும். கமிஷனும் பெயின்ட் செலவும் அதற்கு மேல். புதியவர் எப்படி இருப்பார் என்பது இந்தக் கணக்கில் இன்னும் வரவே இல்லை. அதனால் "இவரே இருக்கட்டும், வேறு வீடு காலியானால் உங்களைத்தான் கூப்பிடுவேன்" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே குடித்தனக்காரரைக் கூப்பிட்டு அக்ரிமென்ட்டைப் புதுப்பித்துக்கொள்வேன்.